பரிவுக்கு முப்பது மார்க்

இசக்கியம்மாள் அன்றைக்குச் சொன்னது ஒரே ஒரு வாக்கியம். "இப்படிப் புகையிலைய அடக்கிக்கிட்டே இருந்தியன்னா வாயி அழுகிப்போயிரும் அண்ணாச்சி, பாத்துக்கிடுங்க."

சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனாலும் அண்ணாச்சியின் ஈறோரம் ஒட்டியிருந்த கம்பு தானிய அளவு மணி குபீரென்று சிவந்துவிட்டது. நாற்காலிக்குப் பக்கத்தில் இருந்த திரையில் எழுத்து ஓடியது: பரிவு, முப்பதுக்கு நான்கு.

அந்த வருஷத்தில் அது அவளுக்கு ஒன்பதாவது நான்கு.

உப்பளங்களை ஒட்டி இருந்த பல் மருத்துவக் கல்லூரி அது. பேர் வேண்டாம். அங்கே கடைசி வருஷம் தேற வேண்டுமென்றால் பல் பிடுங்கத் தெரிந்தால் போதாது, பல் கட்டத் தெரிந்தாலும் போதாது. நோயாளியின் மனசறிந்து நடக்கத் தெரிய வேண்டும். நல்ல சட்டம்தானே? டாக்டர்மார் முகத்தைக்கூட நிமிர்ந்து பார்ப்பதில்லை என்று ஊரெல்லாம் புலம்பிய பிறகு வந்த சட்டம். முதலில் நோயாளிகளிடம் தாளைக் கொடுத்து எழுதி வாங்கினார்கள். படிக்கிற பிள்ளைகளே பக்கத்தில் உட்கார்ந்து நிரப்பிக்கொண்டார்கள். அப்புறம்தான் வந்தது பரிவுமானி என்கிற இந்த மணி. தாள் பொய் சொல்லும், உடம்பு சொல்லாது என்றார்கள். நோயாளி கலங்கினால் சிவப்பு, தெளிந்தால் பச்சை. பச்சை எவ்வளவு ஏறுகிறதோ அவ்வளவு மார்க். பரீட்சையில் பதினைந்துக்குக் கீழே போனால் பட்டம் இல்லை.

கொஞ்சம் பொறுங்கள், கண்ணுகளா. இதுவரைக்கும் யார் மேலும் குற்றமில்லை. இனிமேல்தான் இருக்கிறது.

மதியம் கேன்டீனில் இசக்கி புளிச்சாதத்தை விரலால் குத்திக்கொண்டிருந்தபோது நித்திலன் எதிரே வந்து உட்கார்ந்தான். சென்னைப் பையன். மெல்லப் பேசுவான், யாரையும் குறுக்கே வெட்டிப் பேசமாட்டான். பரிவில் வகுப்புக்கே முதல் ஆள்.

"மறுபடியும் நாலா?"

"ஆமா. துக்கம் கேக்க வந்தியாக்கும்?"

"ஹெல்ப் பண்ண வந்தேன். எக்ஸாமுக்கு நாற்பது நாள்தான் இருக்கு. உனக்கு ஒரு பேஷண்ட் தரேன். செல்லக்கனி அம்மா. உப்பளத்துல வேலை செய்றாங்க. எனக்கு சீனியர் அண்ணா கொடுத்துட்டுப் போனாரு, அவருக்கு அவரோட சீனியர்."

அங்கே அது வழக்கம். இத்தனை கேஸ் முடித்தால்தான் பரீட்சை என்று இருப்பதால் பிள்ளைகள் நோயாளியைத் தேடிப் பேருந்து நிலையம் வரைக்கும் அலைவார்கள். நல்ல நோயாளி ஒருவர் அமைந்துவிட்டால், படிப்பு முடிந்து போகும்போது அவருடைய போன் நம்பரை அடுத்த வருஷத்துப் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டுப் போவார்கள், பழைய நோட்டுகளைக் கொடுக்கிற மாதிரி.

"அவ்வோ மணி அம்புட்டு நல்லாப் பேசுமா?" என்றாள் இசக்கி.

"வரும்போது நல்ல சிவப்பா இருக்கும். கையப் புடிச்சு ரெண்டு வார்த்தை பேசினா போதும், பச்சை ஏறிட்டே போகும். எனக்கு இருபத்தேழுக்குக் குறைஞ்சதே இல்ல." எழுந்தவன் திரும்பி, "ஒண்ணே ஒண்ணு. ஈறை மட்டும் தொடாத" என்றான்.

"ஏன்?"

"வலிக்கும் இசக்கி. பாவம் அவங்க."

வியாழக்கிழமை செல்லக்கனி வந்தாள். நாற்பத்திரண்டு வயது. உப்பில் பட்டுத் தெறிக்கிற வெயிலைப் பார்த்துப் பார்த்துக் கண்ணோரம் சுருங்கிப்போன முகம். நாற்காலியில் ஏறிப் பழகியவள். யாரும் சொல்லாமலே சாய்ந்து, சொல்லாமலே வாயைத் திறந்தாள். மணியை ஒட்டியதும் வாயை மூடிக்கொண்டு இசக்கியை மேலும் கீழும் பார்த்தாள்.

"நம்ம பக்கத்துப் பிள்ளையா நீ? பேரென்னட்டி?"

"இசக்கி."

"நல்ல பேருதான். மொகத்தயும் அந்த இசக்கியம்மன் மாதிரியே உக்கிரமா வச்சிருக்க. மத்த புள்ளைய எல்லாம் வந்ததும் சாப்பிட்டியளாம்மான்னு கேக்கும். நீ கேக்க மாட்டியோ?"

"வாயத் தொறங்க யக்கா. சாப்பிட்டிருந்தா பல்லுலயே தெரியும்."

செல்லக்கனி குலுங்கிச் சிரித்தாள். சிரித்த வாய்க்குள் இசக்கி விளக்கைத் திருப்பினாள். இசக்கியின் முகத்தில் இருந்த சிரிப்பு நின்றுபோயிற்று.

ஈறு கத்தரிக்காய் நிறத்தில் வீங்கித் தளர்ந்து கிடந்தது. பல் பார்க்கிற கண்ணாடியின் ஓரம் பட்டதற்கே ரத்தம் கசிந்தது. பற்களின் அடியில் காரை, சுண்ணாம்பை அப்பிக் காயவிட்ட மாதிரி. கீழ்வரிசையில் நான்கு பல்லைக் காணோம். இன்னும் மூன்று, நாக்குப் பட்டாலே ஆடின.

"எத்தன நாளா இங்க வாரிய?"

"நாலு வருசமாச்சு. வாரம் தவறாம வாரேன்."

இசக்கி கேஸ் ஷீட்டை எடுத்தாள். தடிமனான கோப்பு. முதல் பக்கத்து எக்ஸ்ரேயில் கீழே பதினான்கு பல்லும் வரிசையாக நின்றன. அடியில் ஒரு கையெழுத்து: ஈறு நோய், காரை எடுத்துச் சுத்தம் செய்ய வேண்டும், அடுத்த வருகையில். சில பக்கம் தள்ளி வேறொரு கையெழுத்து, அதே வாக்கியம். அப்புறம் இன்னொன்று. நாலு வருஷத்தில், வருஷத்துக்கு ஒருவர் இருவராக, ஏழு பேர் எழுதியிருந்தார்கள். ஏழு பேரும் 'அடுத்த வருகையில்' என்று முடித்திருந்தார்கள். நடுநடுவே 'ஒரு பல் இல்லை', 'இரண்டு பல் இல்லை', 'நான்கு பல் இல்லை' என்று, மழை பெய்தது, வெயில் அடித்தது என்று எழுதுகிற மாதிரி எழுதியிருந்தது. ஒவ்வொரு பக்கத்தின் கோடியிலும் பரிவு மார்க்: இருபத்தெட்டு, இருபத்தொன்பது, இருபத்தேழு.

"யக்கா, இதுவரைக்கும் ஒங்க ஈற யாராச்சும் சுத்தம் பண்ணியிருக்காவளா?"

"அதான் வாரா வாரம் மருந்து வைக்காவளே."

"என்ன மருந்து?"

செல்லக்கனி ஈறோரம் இருந்த மணியை விரலால் தொட்டுக் காட்டினாள். "இந்தா, இதுதான். வச்சுக்கிட்டு அந்தத் தம்பி பேசப் பேச இதமா இருக்கும். எடுக்கயில பச்சையா இருந்தா கொணம் தெரியுதுன்னு அர்த்தம்லா? எங்க அளத்துல எல்லார்ட்டயும் சொல்லியிருக்கேன்."

கேட்டீர்களா? நாலு வருஷம். அதை மருந்து என்று யாரும் அவளிடம் சொல்லவில்லை. மருந்தில்லை என்றும் ஒருத்தர் சொல்லவில்லை. ஏழு பேர், கண்ணுகளா, படித்த பிள்ளைகள் ஏழு பேர்.

இசக்கி நித்திலனை நூலக வாசலில் பிடித்தாள். கோப்பை அவன் நெஞ்சில் வைத்து அழுத்தினாள்.

"ஏழு பேரு எழுதி வச்சிருக்கிய. ஒருத்தங்கூட செய்யலியேலே."

"செய்யணும்னுதான் இருந்தேன். ஆனா சுத்தம் பண்ணினா வலிக்கும், ரத்தம் வரும், மணி சிவக்கும்..."

"அப்புறம்?"

அவன் கோப்பை அவளிடமே திருப்பி நீட்டினான்.

"சொல்லு. அப்புறம் என்ன ஆவும்?"

"அப்புறம் ஈறு ஆறிடும். ஆறின ஈறுல நீர் கசியாது. நீர் இல்லன்னா மணி எதையும் படிக்காது. உனக்கும் தெரியும்தானே?"

"அப்போ அவ்வோ ஈறு அழுகிக் கெடந்தாத்தான் ஒனக்கு மார்க்கு."

"அப்படிச் சொல்லாத இசக்கி. நான் அவங்கள அம்மான்னுதான் கூப்பிடறேன். அவங்க பொண்ணு சடங்குக்குப் போயிருக்கேன். ஒரு தடவகூட அவங்க முகம் சுளிக்க விட்டதில்ல." சொல்லும்போதே அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. வேஷம் இல்லை, நிஜக் கண்ணீர். அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது.

"ஒன்னப் பெத்த அம்மாவுக்கு நாலு பல்லு விழுந்திருந்தா, இப்படிக் கையப் புடிச்சிக்கிட்டுச் சும்மா ஒக்காந்திருப்பியாலே?"

அங்கிருந்து நேரே ஈறு நோய்ப் பிரிவின் தலைவர் டாக்டர் குணவதியின் அறைக்குப் போனாள். குணவதி கெட்டவள் இல்லை. பிள்ளைகளுக்குக் காய்ச்சல் என்றால் ஹாஸ்டலுக்குக் கஞ்சி கொடுத்தனுப்புகிறவள். கோப்பைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. அதில் என்ன இருக்கிறதென்று அவளுக்குத் தெரியும்.

"உட்காரும்மா. எக்ஸாம் முடியட்டும். முதல் வேலையா நானே க்ளீன் பண்ணி விடறேன்."

"நாப்பது நாளைக்குள்ள அந்த மூணு பல்லும் போயிரும் மேடம். இந்த நாலு வருசத்துல எத்தன எக்ஸாம் முடிஞ்சிருக்கு?"

குணவதி எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். "நல்ல ஈறை வச்சுக்கிட்டு எப்படிம்மா மார்க் போடறது? பரிவுல நம்ம காலேஜ் மாநிலத்துலயே ரெண்டாவது. அந்தம்மாவையும் சேத்து இந்த மாதிரி பதினெட்டு பேர் இருக்காங்க. அவங்களாலதான் அந்த இடம்."

"பதினெட்டு பேரா?"

"ஒருத்தர்கூட இதுவரைக்கும் கம்ப்ளெயின்ட் பண்ணதில்ல. சந்தோஷமா வர்றாங்க, சந்தோஷமா போறாங்க. நீ சொல்லு, உன்கிட்ட வந்த பேஷண்ட்ல யாராவது ஒருத்தர் சந்தோஷமா போயிருக்காங்களா?"

இசக்கி கோப்பை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். நிஜமாகவே அப்படி ஒருத்தரும் போனதில்லை. ஹாஸ்டலுக்கு நடந்துபோகிற வழியெல்லாம் அந்தக் கேள்விதான் அவளை அறுத்தது. நான் பேசத் தெரியாதவள், அதனால்தான் இவர்கள் மேல் பொறாமைப்படுகிறேனோ என்றுகூட நினைத்தாள். அவளுக்கும் பட்டம் வேண்டும். வீட்டில் முதல் முதலாகப் படித்து மேலே வந்தவள். வாயை மூடிக்கொண்டு நாற்பது நாள் செல்லக்கனியின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால் பட்டம் கிடைத்துவிடும். அதையும் நினைத்துப் பார்த்தாள். மறைக்காமல் சொல்ல வேண்டுமல்லவா?

அடுத்த வியாழக்கிழமை இரண்டு எக்ஸ்ரேக்களையும் விளக்குப் பலகையில் அடுத்தடுத்து மாட்டி வைத்தாள். செல்லக்கனி கையில் ஒரு முகக்கண்ணாடியைக் கொடுத்தாள்.

"இது மருந்தில்ல யக்கா."

"பின்ன என்ன எழவு அது?"

"ஒங்க மனசு கலங்கியிருக்கா தெளிஞ்சிருக்கான்னு பாக்குத சாமான். ஈறுக்கும் பல்லுக்கும் எடையில தண்ணி மாதிரி ஒண்ணு கசியும். கிருமியோட மல்லுக்கட்டுத சத்தெல்லாம் அதுலதான் இருக்கு. பயந்தாலும் அவமானப்பட்டாலும் அது கூடும். ஆதரவா ஒரு ஆளு பேசினா கொறையும். அத வச்சு எங்களுக்கு மார்க்கு."

"எனக்கு?"

"ஒங்களுக்கு ஒண்ணுமில்ல."

செல்லக்கனி அவளையே பார்த்தாள். "பொய் சொல்லுத நீ. அந்தத் தம்பி எம்மவ சடங்குல பந்தியில ஒக்காந்து சாப்பிட்டுட்டுப் போச்சு. அதுக்கு எத்தன மார்க்கு போட்டாவ?"

"அதுக்கு மார்க்கு கெடையாது. அது பிரியமாத்தான் வந்திருக்கும்."

"பிரியமா வந்த பய ஏன்ட்டி என் ஈறப் பாக்கல?"

செல்லக்கனி கண்ணாடியில் தன் வாயைப் பார்த்தாள். எக்ஸ்ரேயைப் பார்த்தாள். எழுந்து போய்ப் பழைய எக்ஸ்ரேயின் மேல் விரலை வைத்து ஒவ்வொரு பல்லாகத் தடவினாள். மணி கறுத்துப்போகிற அளவுக்குச் சிவந்தது. அளத்தில் மேஸ்திரி கெட்ட வார்த்தை சொல்லித் திட்டும்போதுகூட அவள் இப்படி நின்றதில்லை. அவன் திட்டுகிறவன் என்று தெரியும். இவர்கள் அம்மா என்று கூப்பிட்டார்கள்.

திரும்பி வந்து நாற்காலியில் சாய்ந்தாள்.

"பண்ணு. இன்னைக்கே பண்ணு."

"வலிக்கும் யக்கா."

"உப்புத்தண்ணியில நிக்குத காலு இது. வலியப் பத்தி எனக்கு நீ பாடம் எடுக்காண்டாம்."

மூன்று வாரம் நடந்தது. மரப்பு ஊசி போட்டும் அடியில் சுரண்டும்போது வலி உறைத்தது. "கொல்லுதாளே பாவி!" என்று செல்லக்கனி போட்ட சத்தத்தில் ஓபியில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். இசக்கி ஒரு தடவைகூடப் பாவம் என்று சொல்லவில்லை. "இன்னும் ரெண்டு பல்லுதான், அசையாதிய" என்றுதான் சொன்னாள். ஆடிய மூன்றையும் பக்கத்துப் பற்களோடு சேர்த்து மெல்லிய கம்பியால் கட்டினாள். மூன்று வாரமும் மணி சிவப்பை விட்டு இறங்கவே இல்லை. பரிவு மூன்று, இரண்டு, இரண்டு. நித்திலன் தடுப்புக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். உள்ளே வரவில்லை.

ஐந்தாவது வாரம் ஈறு இறுகி இளஞ்சிவப்பாகிவிட்டது. செல்லக்கனி வந்ததும் வராததுமாக, "நேத்து பொரிகடல கடிச்சேம்ட்டி, கடவாயில வச்சு நல்லா!" என்றாள். இசக்கி விளக்கைத் திருப்பிக் கம்பிக் கட்டைப் பார்த்தாள். "ரொம்பக் கடிக்காதிய" என்றாள்.

பரீட்சைக்கு அவளையே கூட்டிப்போனாள். எல்லாரும் தடுத்தார்கள்; வேறு நோயாளியைக் கூட்டிப்போ என்று குணவதி கெஞ்சிக்கூடப் பார்த்தாள். வேறு ஊரிலிருந்து வந்திருந்த பரீட்சை அதிகாரி மணியை ஒட்டினார். நிறமே காட்டவில்லை. மாற்றி ஒட்டினார். மூன்றாவது மணியும் வெறும் கண்ணாடித் துளிபோலச் சும்மா இருந்தது.

"ஒண்ணும் வரலையேம்மா?"

"ஈறு ஆறிருச்சு சார்."

அவர் விளக்கைத் திருப்பி வாய்க்குள் வெகுநேரம் பார்த்தார். பழைய எக்ஸ்ரேயையும் பார்த்தார். "பிரமாதமான வேலை" என்றார் மனசாரவே. பிறகு கட்டத்தில் எழுதினார்: பரிவு, பூஜ்யம். "இந்தக் கட்டத்துல நம்பர் மட்டும்தாம்மா எழுத முடியும். மணி சொல்லாத நம்பர நான் எழுதினா எங்கிட்ட விளக்கம் கேப்பாங்க."

செல்லக்கனி நிமிர்ந்து உட்கார்ந்தாள். "எய்யா, என் பல்லு நிக்கி. அதுக்கு எத்தன?"

"அது வேற பாடம்மா. அதுல இவங்க பாஸ்."

இசக்கிக்குப் பட்டம் இல்லை. ஆறு மாதம் கழித்து மறுபடி எழுத வேண்டும், சீக்குப் பிடித்த ஈறோடு ஒரு நோயாளியைத் தேடிக் கொண்டுவந்து.

பட்டமளிப்பு விழாவில் பரிவுக்கான தங்கப் பதக்கம் நித்திலனுக்கு. அந்தப் பதக்கத்தை ஒரு நோயாளியின் கையால் கொடுக்க வைத்தால் அழகாக இருக்கும் என்று யாருக்கோ தோன்றியது. கணினியில் நாலு வருஷத்துப் பச்சையையெல்லாம் கூட்டிப் பார்த்தார்கள். செல்லக்கனி முதலிடத்தில் வந்தாள். அந்தப் பதினெட்டில் மற்றப் பதினேழு பேரையும் கூப்பிட்டுவிட்டார்கள், இரண்டாவது வரிசையில் பூங்கொத்தோடு உட்கார. இசக்கி கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். அவளை வரவழைத்தது செல்லக்கனிதான், துணைக்கு என்று சொல்லி.

மேடையில் செல்லக்கனிக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். பதக்கப் பெட்டியைக் கையில் கொடுத்தார்கள். நித்திலன் வந்தான். கறுப்பு அங்கியோடு குனிந்து அவள் காலைத் தொட்டான். போட்டோக்காரர் கேமராவை இறக்கிவிட்டு, "அம்மா, வாய மூடிக்கிட்டு லேசா சிரிங்க" என்றார்.

அவள் சிரிக்கவில்லை. நித்திலனின் மோவாயைப் பிடித்து நிமிர்த்தினாள். மைக் பக்கத்திலேயே இருந்தது.

"எய்யா, வாயத் தொற."

அவன் அவளைப் பார்த்தான். அவன் சொன்னபோதெல்லாம் அவள் திறந்தவள். அவன் திறந்தான். அவள் கட்டைவிரலால் அவன் கீழுதட்டை மெல்ல இழுத்துப் பிடித்துக்கொண்டு, ஆள்காட்டி விரலால் தொட்டாள்.

"ஒண்ணு."

அரங்கத்தில் சிலர் சிரித்தார்கள்.

"ரெண்டு. மூணு. நாலு."

சிரிப்பு நின்றது. குணவதி நாற்காலியிலிருந்து எழுந்தாள், எங்கே போவதென்று தெரியாமல் நின்றாள்.

"ஒம்பது. பத்து." செல்லக்கனி நிறுத்தினாள். "எனக்கு இம்புட்டுத்தான்." பிறகு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள். "பதினொண்ணு. பன்னெண்டு. பதிமூணு. பதினாலு. எல்லாம் இருக்கு, நல்லா வச்சிருக்க. இந்தா, பிடி."

பதக்கத்தை அவன் கையில் வைத்துவிட்டுப் பொன்னாடையோடு படி இறங்கினாள். நித்திலன் வாயை மூட மறந்து நின்றான். யாரும் கைதட்டவில்லை. இரண்டாவது வரிசையில் பூங்கொத்துகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த பதினேழு பேரும், உதடுகளை இறுக மூடியபடி, நாக்கால் தங்கள் பற்களை ஒவ்வொன்றாக எண்ண ஆரம்பித்திருந்தார்கள்.